இடது பக்கத்துக் கீறல்கள்

என் வலது மணிக்கட்டு உடைந்து கூடிய பிறகு, ஸ்கூட்டரின் ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் முழங்கை வரை சுண்டி இழுத்தது. என் வேலையோ வீடு வீடாகப் போவது. மயிலாப்பூர், மந்தைவெளி, ஆழ்வார்பேட்டை, அடையாறு என்று அலைந்து, பக்கவாதம் வந்தவர்களுக்கும் முழங்கால் மாற்றிக்கொண்டவர்களுக்கும் பிசியோதெரபி செய்கிறவள் நான். சில மாதங்கள் ஆட்டோவிலும் கால் டாக்சியிலும் சமாளித்துப் பார்த்தேன். மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்டிருக்கும் தெருப் பெயரைக் கேட்டதுமே பாதி டிரைவர்கள் சவாரியை ரத்து செய்துவிடுவார்கள். ஒரு நோயாளியின் மகள், "நேரத்துக்கு வர முடியலைன்னா சொல்லிடுங்க மேடம், வேற ஆள் பாத்துக்கறோம்" என்று சொன்ன அன்று, கார் வாங்கிவிடுவது என்று முடிவெடுத்தேன். ஓட்டத் தெரியும். கியர் போடுவது இடது கை என்பதால் மணிக்கட்டுக்கும் தொந்தரவு இருக்காது.

என் கணவருக்குப் புது வண்டிதான் வேண்டும். "ஓடின வண்டின்னா அதை எதுக்கு விக்கறாங்கன்னு நமக்குத் தெரியாது. புதுசுன்னா நம்ம கையில ஆரம்பிக்குது" என்பார். கீரைக்கட்டுக்குக்கூட விலை குறைத்துக் கேட்காத மனிதர் அவர். கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு, கொடுத்ததை மறந்தும்விடுவார். எனக்கு அது வராது. ஷோரூம் வாசலைத் தாண்டிய நிமிஷமே மதிப்பு இறங்கிவிடுகிற ஒரு பொருளுக்கு முழு விலை எதற்கு, ஒரு வருஷத்துக்குள் ஓடிய வண்டியே போதும் என்பது என் கட்சி. காலை இட்லிக்கு நடுவிலும் இரவு பாத்திரம் தேய்க்கும்போதும் இந்தப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. போடப்போவது என் சேமிப்பு என்பதால் அவர் ஓரளவுக்கு மேல் அழுத்தவில்லை. அப்படி அவர் நடுவில் நிறுத்திக்கொண்ட பேச்சுதான் வீட்டுக்குள் கனத்துக் கிடந்தது.

முதலில் தி.நகரை ஒட்டிய ஒரு ஷோரூமுக்குப் போனோம். கண்ணாடிச் சுவர், ஏசி குளிர், குடிக்காமல் ஆறிப்போன காபி. விற்பனைப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். விலைத் தாளை எங்கள் பக்கம் திருப்பி வைத்தாள். வண்டியின் விலைக்குக் கீழே வரிசையாக மற்றவை: இன்சூரன்ஸ், மிதியடி, சீட் கவர், 'ஹேண்ட்லிங் சார்ஜ்'.

"இந்த ஹேண்ட்லிங் சார்ஜ் எதுக்கு?" என்று கேட்டேன்.

"அது எல்லாருக்கும் போடறதுதான் மேடம்."

"எதுக்குன்னு கேட்டேன்."

அவள் எழுந்து போய் மேனேஜரை அழைத்து வந்தாள். அவர் உட்காரும்போதே சிரித்துக்கொண்டு உட்கார்ந்தார். "சிஸ்டத்துல ஃபிக்ஸ் ஆயிருக்கு மேடம், நாங்க கை வைக்க முடியாது."

"சிஸ்டத்துல ஏத்தினது யாரு?"

மேஜைக்கு அடியில் என் கணவரின் செருப்பு என் செருப்பை அழுத்தியது. அதற்குள் அவர் பர்ஸை வெளியே எடுத்து, முன்பணத்துக்கான கார்டைப் பாதி உருவியிருந்தார். மேனேஜர் அதைப் பார்த்துவிட்டார். அதற்குப் பிறகு என்னைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு அவரிடமே பேசினார். "சார், நீங்க சொல்லுங்க. மாசக் கடைசி வரைக்கும்தான் இந்த ரேட். அடுத்த மாசம் கம்பெனியே ஏத்துது."

என் கணவர் கார்டை மறுபடியும் உள்ளே தள்ளினார். "ஓட்டப் போறது அவங்க. அவங்ககிட்டயே பேசுங்க" என்றார். குரலில் என் மேல் கோபம் இருந்தது. ஆனாலும் அதைச் சொன்னார்.

இன்சூரன்ஸை நானே வெளியே எடுத்துக்கொள்கிறேன், ஹேண்ட்லிங் சார்ஜை எடுத்துவிடுங்கள் என்றேன். மேனேஜர் முடியாது என்றார். நான் எழுந்தேன். என் கணவர் எழச் சற்று நேரம் பிடித்தது. பனகல் பார்க் வரை நடந்தோம். அங்கே நின்று, "அந்தப் பொண்ணு முகத்தைப் பாத்தியா?" என்றார். நான் பார்த்திருக்கவில்லை.

அந்த வாரமே இணையத்தில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. நாங்கள் ஷோரூமில் பார்த்த அதே மாதிரி வண்டி, வாங்கி ஒன்பது மாதம், ஓடியது மிகக் குறைவு. பாலவாக்கம். புது வண்டி விலையில் கால் பங்குக்கு மேல் குறைத்துக் கேட்டிருந்தார்கள். போன் செய்தேன். ஓர் இளைஞன் குரல்.

"ஞாயித்துக்கிழமை காலைல பூசை டைம்ல வந்துடுங்கக்கா. லேட்டா வராதீங்க. அப்பால வீட்ல ஆளுங்க வந்துடுவாங்க."

என் கணவரிடம் சொன்னேன். "ஆளுங்க வந்தா என்னவாம்?" என்றார். ஆனால் விலை என்னைப் பிடித்து இழுத்தது.

ஈ.சி.ஆரிலிருந்து கடலை நோக்கிப் போகும் ஒடுங்கலான தெரு. வீட்டு வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் மாதா சிலை. தகரக் கொட்டகையின் கீழ் வெள்ளை வண்டி நின்றது. போனில் பேசிய இளைஞன்தான் மகன். முப்பதைத் தாண்டியவன், தெருமுனையை அடிக்கடி பார்த்துக்கொண்டே பேசினான். வண்டி அவன் அப்பாவுடையது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், இப்போது வண்டி எடுப்பதில்லை என்றான்.

வண்டிக்குள் சீட்டின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படவில்லை. என் கணவர் வழக்கத்துக்கு மாறாக உற்சாகமாகிக் குனிந்து குனிந்து சுற்றி வந்தார். வலது பக்கம் முகம் பார்க்கலாம் போல இருந்தது. இடது பக்கத்தில்தான் எல்லாம். முன் பம்பரில் நீளக் கீறல், இடது கண்ணாடியின் உறை உடைந்து டேப் ஒட்டியிருந்தது, பின் கதவில் சுவர்ச் சுண்ணாம்பின் வெள்ளை.

"எல்லாம் லெஃப்ட் சைடுதான்" என்று என் காதோரம் சொன்னார். பேரத்துக்கு ஒரு பிடி கொடுத்துவிட்ட பெருமை அவருக்கு.

அதை வைத்தே பேசினேன். டிங்கரிங், பெயிண்ட், புதுக் கண்ணாடி என்று அடுக்கி, இன்னும் குறைக்கச் சொன்னேன். மகன் உடனே சரி என்றான். இரண்டாவது முறை கேட்டேன். அதற்கும் சரி. இத்தனை சுலபமாக இறங்கி வருகிறவனை நான் அதுவரை எந்தக் கடையிலும் பார்த்ததில்லை. எனக்கு உள்ளே ஏதோ உறுத்தியது.

"ஆர்.சி. யார் பேர்ல இருக்கு?"

"அப்பா பேர்லதான். கையெழுத்து நான் வாங்கிக் குடுத்துடறேன்."

"அவர் எங்கே?"

"கோயிலுக்குப் போய்க்கிறாரு. நீங்க ஓட்டிப் பாருங்கக்கா முதல்ல."

அவனைப் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டு நீலாங்கரை வரை ஓட்டிப்போய்த் திரும்பினேன். கிளட்ச் வெண்ணெய் மாதிரி இருந்தது. மணிக்கட்டில் சின்ன வலிகூட இல்லை. திரும்பும்போதே மனதுக்குள் வாங்கிவிட்டேன். சோழிங்கநல்லூரிலிருந்து வரச்சொல்லி அழைத்துக்கொண்டிருக்கும் ஒரு நோயாளியிடம்கூட இனி சரி என்று சொல்லலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

தெருவுக்குள் வண்டி நுழைந்தபோது வீட்டு வாசலில் ஒரு பெரியவர் நின்றிருந்தார். பின் சீட்டிலிருந்து மகன் மெல்ல, "பூசை முடியறதுக்குள்ள வந்துட்டாரே" என்றான்.

வண்டியை வாசலில் நிறுத்தி இறங்கினேன்.

"என் வண்டியில எங்க போய்க்கினு வர்றீங்க?" என்றார் பெரியவர். சத்தம் போடவில்லை.

"நீ உள்ள வாப்பா, பேசலாம்" என்றான் மகன்.

"இன்னாடா பேசறது? யாரு இவங்க?"

நான் பதில் சொல்ல வாய் திறந்து, அப்படியே நின்றுவிட்டேன். அவருடைய வலது கன்னம் மழுமழுவென்று சவரம் செய்யப்பட்டிருந்தது. மூக்குக்கு இடது பக்கம் முழுதும் வெள்ளை முடி, பல நாள் வளர்ச்சி. சட்டைக் காலரின் இடது பாதி உள்ளே மடிந்து கிடந்தது. என் நோயாளிகளில் இப்படிச் சிலர் உண்டு. பக்கவாதத்தில் மூளை அடி வாங்கிய பிறகு, தட்டின் வலது பாதியில் இருக்கும் சோற்றை மட்டும் சாப்பிட்டுவிட்டுப் பசி தீரவில்லை என்பார்கள். அவர்கள் பொய் சொல்வதில்லை. இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. வண்டியின் கீறல்கள் எல்லாம் ஏன் ஒரே பக்கத்தில் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அதைக் காட்டித்தான் இவ்வளவு நேரம் விலை குறைத்துக்கொண்டிருந்தேன்.

மகனுக்குப் பொறுமை போய்விட்டது. "ஸ்ட்ரோக் வந்து ஆஸ்பத்திரியில கெடந்தது மறந்துபோச்சா உனக்கு? திரும்ப செக்கப் வரவரைக்கும் ஓட்டாதன்னு டாக்டர் சொன்னாரா இல்லியா? போனியா நீ? மதில்ல இடிச்ச, கேட்ல இடிச்ச. நாளைக்கு ஆள் மேல ஏத்துனா யார் பதில் சொல்றது?"

"கை வந்துச்சு, கால் வந்துச்சு. நடந்து கோயிலுக்குப் போயிட்டு வர்றேன். எனக்கு இன்னா கொறச்சல்?" பெரியவர் என் பக்கம் திரும்பினார். "கடைசி வரைக்கும் ஒரு கீறல் இல்லாம கிரேன் ஓட்டுனவன்மா நான். வாழ்க்கையில வாங்குன ஒரே புது வண்டி இது. எனக்குத் தெரியாம விக்கிறான். நீ வா, உக்காரு. ஓட்டிக் காமிக்கிறேன். அப்பறம் நீயே சொல்லு."

சாவியை வண்டியிலேயே விட்டு இறங்கியிருந்தேன். மகன் வந்து தடுப்பதற்குள் அவர் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திப் பூட்டிக்கொண்டார். இன்ஜின் உறுமியது. மகன் ஜன்னல் கண்ணாடியைத் தட்டினான். அவர் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. என்னைக் காட்டி, ஏறு என்பது போலத் தலையசைத்து, பழகிய கையால் தடவி இடது கதவின் பூட்டை மட்டும் விடுவித்தார்.

"ஏறாதே" என்றார் என் கணவர். அப்படி ஒரு குரலை அவரிடம் நான் கேட்டதில்லை.

யாரும் ஏறாவிட்டாலும் அவர் போகத்தான் போகிறார் என்று தெரிந்தது. ஏறினேன். உட்காரும்போதே ஹேண்ட் பிரேக் எங்கே இருக்கிறது என்று பார்த்து, வலது கையை அதற்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

வண்டி கடலை நோக்கி நகர்ந்தது. ஓட்டத் தெரிந்த கை என்பது முதல் கியரிலேயே தெரிந்தது. குலுக்கல் இல்லை. வலது பக்கம் நிறுத்தியிருந்த பைக்கை அழகாக ஒதுங்கிக் கடந்தார். ஒதுங்கியதில் வண்டி இன்னும் இடது பக்கம் சாய்ந்தது. என் ஜன்னலுக்கு வெளியே மதில் சுவர் நெருங்கி வந்தது. முன்னால், அந்த மதிலோரத்தில் ஓர் அம்மா அலுமினியக் கூடையை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"சார், லெஃப்ட்ல பாருங்க."

"பாத்துக்கினுதான் கீறேன்."

"ஆள் உக்காந்திருக்காங்க சார், நிறுத்துங்க."

"எங்க?" என்று கேட்டபடி அவர் வலது பக்கம் பார்த்தார்.

இரண்டு கையாலும் ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து மேலே இழுத்தேன். மணிக்கட்டுக்குள் எதுவோ கிழிந்தது போல இருந்தது. வண்டி ஒரு உதறலோடு அணைந்து நின்றது. அலுமினியக் கூடை 'டங்' என்று ஒலித்துக் கவிழ்ந்தது. சங்கரா மீன்கள் தெருவில் சறுக்கிப் போயின. அந்த அம்மா அரிவாள்மனையை அப்படியே விட்டுவிட்டு மதிலோடு ஒட்டி நின்றிருந்தாள். பம்பருக்கும் அவள் முழங்காலுக்கும் நடுவில் ஒரு கை நுழையலாம்.

மூச்சு வந்ததும் அவள் கத்தினாள். "இன்னா நைனா, ஆள் குந்திக்கினு கீறது தெர்லயா உனக்கு? கண்ணு எங்க கீது?"

பெரியவர் அந்தக் குரலைத் தேடினார். வலது ஜன்னலில் பார்த்தார், பின்னால் திரும்பிப் பார்த்தார். அவள் எங்களுக்கு நேர் முன்னால், சற்றே இடது பக்கமாக நின்று திட்டிக்கொண்டிருந்தாள். "யாரு? எங்கேர்ந்து பேசுது?" என்று என்னைக் கேட்டார்.

சாவியை உருவி என் மடியில் வைத்துக்கொண்டேன். நான் என்ன வேலை செய்கிறேன் என்று சொன்னேன். அது அவர் தப்பில்லை, மூளை அந்தப் பக்கத்தை அவருக்குக் காட்டவே இல்லை என்று சொன்னேன். அவர் முகம் இறுகியது.

"நீ வண்டி வாங்க வந்தவதானே? நீ அப்படித்தான் சொல்லுவ. என் பையன் சொல்லிக் குடுத்துக்கிறான்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அவர் இடத்தில் நான் இருந்தாலும் நம்ப மாட்டேன். அந்த வண்டி எனக்கு எவ்வளவு பிடித்துவிட்டது என்பதும் அந்த நொடியில்தான் எனக்குத் தெரிந்தது.

"இந்த வண்டி எனக்கு வேணாம் சார்" என்றேன். "உங்க பையன் சும்மா கொடுத்தாலும் வேணாம். நான் இதை வாங்கப் போறதில்லை. இப்போ நான் சொல்றதைக் கேப்பீங்களா?"

அவர் மெல்ல என் பக்கம் திரும்பினார். என் மூக்கையே பார்க்கச் சொன்னேன். அவருடைய வலது பக்கத்திலிருந்து விரலை ஆட்டிக்கொண்டே கொண்டுவந்தேன். "தெரியுது" என்றார் உடனே. இடது பக்கத்திலிருந்து கொண்டுவந்தேன். காதோரம், கன்னத்தோரம், மூக்கு நுனிக்குக் கிட்டத்தட்ட வந்த பிறகுதான், "இதோ" என்றார். "எங்கேர்ந்து கொண்டாந்த இத?"

திரும்பவும் செய்யச் சொன்னார். செய்தேன். மூன்றாவது முறை அவரே கையைத் தாழ்த்தச் சொல்லிவிட்டு, கைக்குட்டையை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார். இடது கன்னத்தை அப்போதும் துடைக்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே மீன்காரம்மாவையும், அவளுக்குப் பின்னால் மதிலையும் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அந்தப் பொம்பள எனக்குச் சின்ன வயசுலேர்ந்து பழக்கம்மா" என்றார். கதவைத் திறந்து இறங்கினார். பானெட்டைத் தடவிக்கொண்டே சுற்றி வந்து, நான் இறங்கிக் கொடுத்த சீட்டில் உட்கார்ந்தார்.

என் கணவர் ஓடி வந்திருந்தார். வேட்டி மடிப்பில் மண் ஒட்ட, குனிந்து மீன்களைப் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார். மண்ணாகிவிட்ட மீனுக்கெல்லாம் அந்த அம்மா ஒரு விலை சொன்னாள். அப்படியே எடுத்துக் கொடுத்தார். நானும் குறைத்துக் கேட்கவில்லை.

வண்டியை ஓட்டி வந்து கொட்டகையில் விட்டேன். பெரியவர் எங்களைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார். மகன் என் பக்கம் நெருங்கி வந்து, "அக்கா, இப்ப மனசு எறங்கிக்கிறாரு. கையெழுத்து வாங்கிடலாம். இன்னிக்கே எடுத்துக்கினு போங்க. இன்னும்கூடக் கொறச்சுக்குங்க" என்றான். கண் கலங்கியிருந்தது. அவனுக்கு வண்டி போனால் போதும், அப்பா இருந்தால் போதும்.

"அவரை டாக்டர்கிட்ட கூட்டிப் போங்க. கண் பார்வை பக்கவாட்டுல எவ்வளவு தூரம் தெரியுதுன்னு ஒரு டெஸ்ட் இருக்கு, அதை எடுக்கச் சொல்லுங்க. சாவியை நீங்க வெச்சுக்குங்க. எனக்கு வண்டி வேணாம்பா, அவர்கிட்ட சொல்லிட்டேன்."

திரும்பி வரும்போது டாக்சி திருவான்மியூர் சிக்னலைத் தாண்டியது. என் கணவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். புது வண்டி வாங்கலாம் என்பதில் அவருக்கு உள்ளூர சந்தோஷம் இருக்கும் என்று நினைத்தேன். "நல்ல விலை" என்றார் திடீரென்று. "தெரியும்" என்றேன். பிறகு, "ஏறாதேன்னு சொன்னேன்ல" என்றார். வீங்கத் தொடங்கியிருந்த என் மணிக்கட்டைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

வீக்கம் வடிவதற்குள் மாதம் பிறந்துவிட்டது. மேனேஜர் சொன்னபடியே விலை கொஞ்சம் ஏறியிருந்தது. மறுபடியும் அதே மேஜை, அதே தாள். எனக்கு அன்று சண்டை போடும் தெம்பு இல்லை. பேனாவை எடுக்கப் போனேன். என் கணவர் தாளைத் தன் பக்கம் இழுத்து, ஹேண்ட்லிங் சார்ஜ் என்ற வரியின் மேல் விரலை வைத்தார்.

"இதை எடுத்துடுங்க. இன்சூரன்ஸ் நாங்க வெளியில பாத்துக்கறோம்."

"சார், போன தடவையே மேடம்கிட்ட சொன்னேனே."

"ஆமா. அவங்க சொன்னதைத்தான் நானும் சொல்றேன்."

நிமிர்ந்தே பார்க்கவில்லை. விரலையும் எடுக்கவில்லை. மேனேஜர் என்னென்னவோ சொன்னார். ஏசியிலும் என் கணவரின் காதோரம் வியர்வை இறங்குவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மேனேஜர் எழுந்து உள்ளே போனார். ரொம்ப நேரம் வரவில்லை. விற்பனைப் பெண் கணினியையே பார்த்தபடி இருந்தாள். அந்த இடைவெளியில் கிளம்பிவிடலாம் என்று எனக்குத் தோன்றியது, ஆனால் அவருடைய விரல் அந்தத் தாளின் மேல் இருந்தது. மேனேஜர் வந்து, வேறொரு தாளை வைத்தார். அந்த வரி இல்லை. மிதியடிக்கு மட்டும் காசு போட்டிருந்தார்கள். அதை நாங்கள் இருவருமே விட்டுவிட்டோம்.

முன்பணம் கட்டி ஒரு வாரம் இருக்கும். நோயாளி வீட்டில் இருந்தபோது போன் வந்தது. பாலவாக்கத்துப் பெரியவர்.

"டெஸ்ட் எடுத்தாங்கம்மா. லெஃப்ட்ல பாதி இல்லியாம். இனிமே எடுக்கக்கூடாதுன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. வண்டிய நீயே வந்து எடுத்துக்கோ. வெலைய நான் சொல்றேன், அவன் சொல்ல மாட்டான்."

வேறு வண்டிக்கு முன்பணம் கட்டிவிட்டதாகச் சொன்னேன். கடல் காற்று போனில் கேட்டது.

"அப்போ வேணாம்னு சொன்னது நெசந்தானா?" என்றார்.

"நெசந்தான் சார்."

"சரி. அப்போ என் கையப் பாக்கறதுக்காவது வருவியா?"

புது வண்டி வந்ததும் போனேன். தகரக் கொட்டகை காலியாக இருந்தது. அடையாறில் யாரோ வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்று மகன் சொன்னான். பெரியவர் வெளியே வந்து என் வண்டியை ஒரு சுற்று சுற்றினார். ஒவ்வொரு இடத்திலும் நின்று, கழுத்தை வலிந்து இடது பக்கம் திருப்பிப் பார்த்தார். யாரோ அதற்குள் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

"எவ்ளோ குடுத்த?"

கொடுத்ததைவிட ஒரு இருபதாயிரம் குறைத்துச் சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

"ஜாஸ்தி" என்றார். "என்னைக் கூட்டினு போயிருக்கணும் நீ."

உள்ளே நாற்காலியில் உட்கார வைத்து, அவருடைய இடது உள்ளங்கையை என் கையில் எடுத்தேன். விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன, சுண்டுவிரல் மட்டும் அடம்பிடித்தது.

"ஒரு தபா வந்து போறதுக்கு எவ்ளோ வாங்குற?" என்று கேட்டார்.

சொன்னேன். அவர் அதில் பாதியைச் சொன்னார். நான் சுண்டுவிரலைப் பிடித்து மெல்ல நீட்டிவிட்டு, முடியாது என்றேன்.